காப்பிப் பூவின் பின்பக்கம்

ஸ்கேனரைக் கேமராவாக வைத்துப் படம் எடுப்பவன் நான். கண்ணாடி மேல் ஒரு பொருளை வைத்தால் போதும், லென்ஸ் வேண்டாம்.

இன்று காலை செம்மநத்தத்தில் ஒரு காப்பிக் கிளையைப் பூவோடு ஒடித்து வந்தேன். நாளைக்குள் பூ கருத்துவிடும். கண்காட்சிக்குப் படம் அனுப்பவும் இன்றுதான் கடைசி நாள். நேரம் பார்த்து வீட்டு ஸ்கேனர் படுத்துவிட்டது.

ஏற்காடு கடைவீதி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பட்டாவும் ஆதாரும் மட்டுமே பார்த்த கண்ணாடி அது. கடைக்கார அக்கா கிளையை வாங்கிக் கண்ணாடி மேல் வைத்தார். நான் சொன்னபடி மூடியைத் திறந்தே விட்டு ஸ்கேன் செய்தார். பிறகு கிளையைத் திருப்பிப் போட்டார்.

"எதுக்குங்க திருப்புறீங்க?"

"ரெண்டு பக்கமும் வேணுமுங்க சார். ஒரு பக்கம் மட்டும் குடுத்தா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிச்சுருவாங்க. அப்பறம் நீங்கதான் மறுக்கா அலையோணும்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். முன்பக்கம் வெறும் காலண்டர் படம்.

பின்பக்கத்தில் இலைகளின் அடிநரம்பு, நசுங்கிய பூக்கள், நகரும் வெளிச்சத்தோடு கூடவே ஓடி நூல்போல் நீண்டுவிட்ட ஓர் எறும்பு. எட்டு வருடத்தில் எனக்கு இப்படி ஒன்று அமைந்ததில்லை.

அதையே அனுப்பலாம் என்று படிவத்தைத் திறந்தேன். 'படம் எடுத்தவர்' என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு என் பெயரையே போட்டேன்.

அடுத்த கட்டத்தில், படம் எடுத்தவரின் ஆதாரை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டுமாம். இரண்டு பக்கமும்.

மறுபடி அந்த அக்கா கடைக்குத்தான் போக வேண்டும். எந்த முகத்தோடு போகட்டும், சொல்லுங்கள்.