இருபத்தைந்து நிமிட ரிப்போர்ட்

என் மகளுக்கு அப்போது பத்து வயது. தொண்டை வலியில் தொடங்கி, முழங்காலை வீங்கவைத்து, கடைசியில் இதயத்தைப் பிடித்துக்கொண்ட காய்ச்சல் அவளை ஏழு வாரம் படுக்கையில் போட்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் எண் இருபதுக்குக் கீழே இறங்கும்வரை அவள் எழுந்து நடக்கக் கூடாது என்று மாதுங்கா டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாராவியில் எங்கள் அறை இரண்டாம் மாடியில், கக்கூஸ் கீழே. ஏழு வாரமும் என் மனைவிதான் பாத்திரம் வைத்து எடுத்தாள்.

அந்தப் பரிசோதனை எளிமையானதுதான். ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிமிர்த்தி வைப்பார்கள். சிவப்பு மெல்லக் கீழே இறங்கும். ஒரு மணி நேரம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். உடம்புக்குள் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். வாரா வாரம் டாக்டர் வீட்டுக்கு வந்து எடுத்துத் தரும் ரத்தத்தை நான் மாதுங்கா லேபுக்குக் கொண்டுபோவேன். அந்த ஒரு மணி நேரமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, ரிப்போர்ட்டோடு ஆபீஸ் போவேன்.

எட்டாவது வாரம், வழக்கமாக இருக்கும் மராத்திப் பெரியவர் லீவு. வேறொருவர் இருந்தார். என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"அண்ணாச்சிக்கு எந்தப் பக்கம்?"

"நாங்குநேரி."

"அட, நான் களக்காடு! மொதல்லயே சொல்லப்படாதா? அயலூராள் மாதிரி பெஞ்சுல குத்தவச்சிருக்கீய!"

"ஆபீசுக்கு லேட்டாகுது. அரைநாள் லீவுதான்" என்றேன்.

"நம்ம ஆளு எதுக்குக் காத்துக் கெடக்கணும்? இந்தா, ஒங்களுதத்தான் மொதல்ல பாக்கேன்."

ஒன்பது பத்துக்கு ரத்தத்தைக் கொடுத்தேன். ஒன்பது முப்பத்தைந்துக்கு ரிப்போர்ட் என் கையில். "பதினாறுதான் அண்ணாச்சி. புள்ளைக்குச் சொகமாயிட்டு. ஜிலேபி வாங்கிக் குடுங்க!"

நான் நன்றி சொன்னேன். ஏழு வாரம் அதே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவன், கையில் கடிகாரம் கட்டியவன், கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ரேஷன் ஆபீசில் தெரிந்தவர் நம் காகிதத்தை மேலே எடுத்து வைப்பாரே, அப்படி ஒரு உபகாரம் என்றுதான் நினைத்தேன். வரிசையில் முந்தலாம். ரத்தம் இறங்குவதில் எப்படி முந்துவது?

டாக்டருக்குச் சந்தோஷம். மெதுவாக நடக்கலாம், படியும் இறங்கலாம் என்றார். என் மனைவி மட்டும் தயங்கினாள்.

"படுத்தா இன்னும் மூச்சு வாங்குது டாக்டர். ரெண்டு தலகாணி கேக்கா."

"ரிப்போர்ட்டைப் பார்த்தேளோ இல்லையோ? நீங்க பயந்து பயந்தே குழந்தையை நோயாளி ஆக்கிடுவேள்."

ஸ்டெதஸ்கோப் அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி பகலாகப் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் சொன்னதைவிட, ஒரு துண்டுக் காகிதம் அவருக்குப் பெரிதாகப் போயிற்று. எனக்கும்தான். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று நானும் அவளை அடக்கினேன்.

நாலாம் நாள் கீழே போய்த் திரும்பிய மகள் முதல் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாகியிருந்தது. அவள் அம்மா தூக்கிக்கொண்டு ஏறினாள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மராத்திப் பெரியவர் முழுசாக ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. போன தடவை எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். "ஏக் கண்டா மத்லப் ஏக் கண்டா, சாப்" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு மணி என்றால் ஒரு மணிதானே!

களக்காட்டுக்காரரை லேப் வாசலில் பிடித்தேன்.

"செவப்பு எறங்கி நின்னுட்டுன்னு நெனச்சேன் அண்ணாச்சி. நீங்கதான லேட்டாகுதுன்னிய? நல்லது செஞ்சதுக்கு இதானா?"

"ஆபீசுக்கு லேட்டாகுதுன்னேன். எம் புள்ளையக் கொல்லச் சொன்னனா?"

அன்று சாயங்காலமே ஊர்க்காரர்கள் நாலு பேர் அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவருக்கு வேலை போய்விடும், நம்ம ஆளு, புகார் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்றார்கள். உள்ளே இரண்டு தலையணையில் சாய்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தவளை ஒருவராவது எட்டிப் பார்க்கவில்லை. அவளும் நம்ம ஆளுதானே?

இதய வால்வு ஒன்று கெட்டிருக்கிறது என்று டாக்டர் அன்று காலையே சொல்லியிருந்தார். அந்த நாலு நாளால் கெட்டதா, முன்பே கெட்டிருந்ததா என்று சொல்ல முடியாதாம். அந்தச் 'சொல்ல முடியாது'க்குள் அவர் வசதியாக ஒதுங்கிக்கொண்டார். களக்காட்டுக்காரரும் அதற்குள்தான் நின்றார். எனக்கு மட்டும் அதில் இடம் கிடைக்கவில்லை.

ஊர்க்காரர்கள் படியிறங்கிப் போனதும் என் மகள் கேட்டாள்: "நான் படியேறுனதாலதானாப்பா?"

"இல்லம்மா. ஏறலாம்னு நாங்கதான் சொன்னோம்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. காகிதத்தை எடுத்து லேப் முதலாளிக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். லேட்டாகிறது என்று நான் அவசரப்படுத்தியதை முதல் வரியில் எழுதினேன். களக்காட்டுக்காரர் பெயரை இரண்டாவது வரியில் எழுதினேன்.