பன்மொழி விழாவும் ஒற்றைக் கட்டமும்

ஓசூரில் பன்மொழி இலக்கிய விழா நடத்தப் போன முதல் நாளே சிக்கல் வந்தது. நான் அப்போது ஒரு தேசிய அகாதெமியில் நிகழ்ச்சி அலுவலர். இந்திய மொழிகளை ஒன்றோடொன்று பழகவிடுவது எங்கள் வேலை. அதற்காகவே தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒன்றன் மூஞ்சியில் ஒன்று விழிக்காதபடி தனித்தனி அமர்வுகளில் வைத்திருந்தோம்.

1. கட்டம்

நாகரத்னா, மோட்டார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருப்பவர். விழாவில் படிக்கத் தன் முதல் கதையை எழுதிக் கொண்டுவந்திருந்தார். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டை. நியாயம் பேசத் தமிழ், திட்டத் தெலுங்கு, சமாதானத்துக்குக் கன்னடம்; மூன்றும் தமிழ் எழுத்தில். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு படிவத்தைப் பார்த்தேன். 'மொழி' என்று ஒரே ஒரு கட்டம்.

துணைச் செயலாளருக்குப் போன் போட்டேன்.

"கட்டம் ஒண்ணுதானய்யா இருக்கு? அதுக்குள்ள வரச் சொல்லு," என்றார்.

"எல்லாத்தையும் தமிழுக்கு மாத்திடுங்கம்மா," என்றேன் நாகரத்னாவிடம்.

"அப்பிடிப் பண்ணா பஸ்ஸுல யாருமே இருக்க மாட்டாங்களே சார்," என்றார் நாகரத்னா. "ஆனா எங்க லைன்ல எல்லாரும் பாக்க வராங்க. படிக்காம போனா மானம் போயிடும்." மாற்றி எழுதினார்.

2. ஹெட்ஃபோன்

ஊர்க்காரர்களுக்காக மொழிபெயர்ப்பாளர்களையும் ஹெட்ஃபோன்களையும் பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தோம். ஒருவரும் மாட்டவில்லை. மூன்று மொழியும் தெரிந்த கூட்டம் அது. பன்மொழியின் மேன்மை பற்றிய தலைமையுரை ஆங்கிலத்தில் நடந்தபோதுதான் ஹெட்ஃபோனைத் தேடினார்கள். அதற்கு மட்டும் நாங்கள் மொழிபெயர்ப்பு ஏற்பாடு செய்யவில்லை.

நாகரத்னா தமிழுக்கு மாற்றிய கதையைப் படித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் குரல் தடுமாறியது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"யக்கா, கேன்டீன்ல எங்களுக்குப் படிச்சியே, அந்த மாதிரி படி!"

அவர் தாளை மடித்துவைத்துவிட்டு மூன்று மொழியிலும் சொல்ல ஆரம்பித்தார். அரங்கம் குலுங்கியது. மொழிபெயர்ப்பாளர்கள் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்கள். அமர்வுத் தலைவர் மட்டும் என்னை அழைத்து, "இதை எந்த மொழியில சேர்க்கிறது?" என்று கேட்டார். படிவத்தின் கட்டத்தில் 'இதர' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

3. தொகுப்பு

விழாத் தொகுப்பு மொழிக்கு ஒன்றாக மூன்று புத்தகங்களாக வந்தது. 'இதர'வுக்குப் புத்தகம் கிடையாது. மூன்றையும் எடுத்துக்கொண்டு நாகரத்னாவின் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொன்றாக, பொருளடக்கத்தை விரல் வைத்துப் பார்த்தார்.

"எங்க சார் நானு?"

நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பரவால்ல சார். மூணையும் படிச்சிடறேன். உங்க ஆபீஸ்ல மூணையும் படிக்கறவங்க எத்தினி பேரு?"

ஒருவரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஊருக்குப் பன்மொழி சொல்லிக்கொடுக்கப் போகுமுன், படிவத்தில் இன்னும் இரண்டு கட்டம் போட்டு எடுத்துப் போங்கள்.