பம்பரத்தின் ஞாயிற்றுக்கிழமைகள்

என் அண்ணனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவர் பள்ளிக்கூட வாத்தியார். திட்டுவதாக நினைத்துத்தான் வைத்தார். அவனோ பரிசு வாங்கியவன் மாதிரி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். உட்காரச் சொன்னால் கால் ஆடும். காலைப் பிடித்தால் கை தாளம் போடும். கையையும் பிடித்துவிட்டால் வாய் ஆரம்பித்துவிடும். நானும் அவனும் கூட்டுக் களவாணிகள். மாடி வீட்டுக்காரரின் ஒற்றைச் செருப்பை எதிர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, நடக்கும் சண்டையை ஜன்னல் வழியாகப் பார்ப்போம். சிரிப்பை அடக்கமுடியாமல் முதலில் மாட்டுகிறவன் எப்போதும் அவன்தான்.

அப்பாவுக்குக் கண்ணாடிக் கடை. பேனா அளவில் ஒரு கட்டர் வைத்திருப்பார்; நுனியில் துளியூண்டு சக்கரம். அதைக் கண்ணாடி மேல் ஒரே இழுப்பில் இழுத்து, கோட்டை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் கண்ணாடி இரண்டாகும். பாதியில் நின்றாலோ, போட்ட கோட்டின் மேலேயே மறுபடி இழுத்தாலோ அது தன் இஷ்டத்துக்கு உடையும். அண்ணன் இந்த உலகத்தில் ஆசைப்பட்டது அந்தக் கட்டர் ஒன்றுக்குத்தான். அப்பா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே தூங்குவார்.

"உன் கையில குடுத்தா, கண்ணாடிக்கு முன்னாடி என் உசுரு உடைஞ்சிடும்டா."

அண்ணன் பரீட்சையில் மறுபடியும் கோட்டைவிட்டதும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். அவர் ரொம்ப நேரம் கேள்வி கேட்டார்.

"இதை ஏ.டி.ஹெச்.டி.ன்னு சொல்லுவோம். பையன் சோம்பேறியும் இல்ல, திமிர் பிடிச்சவனும் இல்ல. கவனத்தை நிறுத்துற பிரேக் கொஞ்சம் லூஸ், அவ்வளவுதான். மூளையைத் தூண்டிவிடுற மாத்திரை எழுதறேன்."

"இவனைத் தூண்டிவேற விடணுமா டாக்டர்?" என்றார் அப்பா.

"பிரேக்கைத்தான் தூண்டிவிடுறோம். தினமும் காலையில ஒண்ணு. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். எதுவானாலும் என்கிட்ட வாங்க. நீங்களா எதையும் மாத்தாதீங்க."

மாத்திரை வேலை செய்தது. அண்ணன் உட்கார்ந்தான். ஆரம்பித்த கணக்கை முடித்தான். மத்தியானச் சாப்பாட்டு டப்பா மட்டும் போனமாதிரியே திரும்பி வந்தது. அம்மா அதைத் திறந்து பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"தலைக்குள்ள பத்து ரேடியோ ஓடிட்டிருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் ஓடுது."

"அதுல என்ன பாட்டு?"

"பாட்டு இல்லடி. செய்தி."

கன்னம் ஒட்டியதும் அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். "படிப்புக்குத்தானே மருந்து? ஞாயித்துக்கிழமை அவன் என்னத்தைப் படிக்கிறான்? ஒரு நாளாவது பிள்ளை வயிறார சாப்பிடட்டும்." டாக்டரம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். மாடி வீட்டுச் செருப்பும் நடை பழகியது. வாரம் முழுக்க நான் அந்த ஒரு நாளுக்குத்தான் காத்திருந்தேன். எங்கள் கடையில் கூட்டம் அதிகம் வருவதும் அன்றைக்குத்தான் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து அண்ணன் கடைக்கு வந்தான். கழிவுத் துண்டு ஒன்றில் கோடு போட்டுப் பார்க்க அப்பா விட்டார். ஒரே இழுப்பு, நூல் பிடித்த மாதிரி. அப்பா அந்த விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். கட்டரைத் துடைத்து, அண்ணனின் சட்டைப்பையில் செருகினார். அண்ணன் அழுதுவிட்டான். அதற்கு மட்டும் பிரேக் பிடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தையல் கடைக்கு ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்றார்கள். கட்டர் அண்ணன் கையில், மாத்திரை அலமாரியில். பாதிக் கோட்டில் தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அண்ணனின் தலை திரும்பியது, கை நின்றது. விட்ட இடத்தைச் சரிசெய்வதற்காக அதே கோட்டில் மறுபடி இழுத்தான். அதைக் கவனிக்காமல் அப்பா விளிம்பில் வைத்து அழுத்தினார். கண்ணாடி கோணலாகப் பிளந்து அவர் உள்ளங்கைக்குள் இறங்கியது.

நரம்பைத் தைத்தார்கள். இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

"பசி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவை மாத்திப் பார்த்திருப்பேனே," என்றார், நடந்ததையெல்லாம் கேட்ட டாக்டரம்மா. அம்மா தரையைப் பார்த்தாள். "மீதி எட்டு விரல் இருக்கே டாக்டர்," என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரிக்க வேண்டியிருந்ததால் நான் சிரித்துவைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுந்து வருவதற்குள் அண்ணன் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டான்.

"இன்னிக்கு ஒரு நாள் வேண்டாம்டா. சாப்பிடுடா."

"கடை இருக்கும்மா," என்று விழுங்கினான்.

இப்போது கண்ணாடி வெட்டுவது அவன்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொல்கிறார். பரீட்சைப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. டாக்டரம்மா மாத்திரை அளவைக் குறைத்தபின் அண்ணன் கொஞ்சம் சாப்பிடுகிறான்; ஆனாலும் கடை சாத்தும் நேரத்துக்குத்தான் உண்மையான பசி வருகிறது. அந்த நேரம் பார்த்துச் சோற்றைச் சூடுபண்ணி எடுத்துப்போவது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

நேற்று அவன் சாப்பிடும்போது, அவனுடைய ஒற்றைச் செருப்பைப் பக்கத்துக் கடை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவன் அதைப் பார்த்தான். வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தான்.

"இருட்டுற நேரத்துல வெச்சா யாருக்குடி தெரியும்? காலையில வெக்கணும்."

"காலையில வர்றியா?"

அவன் வலது கையால் சாப்பிட்டான்; இடது கை கட்டர் இருந்த சட்டைப்பையைப் பொத்தியபடியே இருந்தது.