பனைமேல் நின்ற நட்சத்திரம்

முட்டாள்தனத்துக்குப் பரிசு உண்டென்றால் அது எனக்குத்தான். என்ன, வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முந்திப் போய் நிற்பேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் என் வயலுக்கும் பேச்சியக்கா வயலுக்கும் ஒரே வாய்க்கால். ராத்திரி எட்டு மணி வரை தண்ணீர் அவருக்கு, அதன்பின் எனக்கு. மடை மாற்றுவது என் வேலை. ஒருநாள் சரியாக எட்டு மணிக்கு ஒரு நட்சத்திரம் பனை உச்சியில் நின்றதைப் பார்த்தேன். மறுநாள் என் செல்போன் வாய்க்காலில் விழுந்தது. புதுப் போன் எதற்கு, நட்சத்திரமே போதும் என்று அதைப் பார்த்தே தினமும் மடை மாற்றினேன். பெருமையாகக்கூட இருந்தது.

பதினைந்தாம் நாள் பேச்சியக்கா வரப்பில் வந்து நின்றார்.

"தம்பி, அதுக்குள்ள அடைச்சிட்டியளே?"

"நட்சத்திரம் வந்துட்டுல்லாக்கா."

அவர் தன் போனை நீட்டினார். மணி ஏழு.

அவருடைய கடைசி வயல் வெடித்துக் கிடந்தது. கதிர் வாங்கும் பயிர்.

"வாய்க்கால்ல தண்ணி கொறஞ்சிட்டுன்னுல்லா நெனச்சேன்," என்றார் பைய. இத்தனை நாளும் என்னைச் சந்தேகப்படவே இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் போனிலேயே வாத்தியார் நண்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பூமி சூரியனைச் சுற்றி நகர்வதால் நட்சத்திரங்கள் தினமும் நாலு நிமிடம் முந்தி வருமாம். பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம். நம்பிய மனுஷியின் தண்ணீரை நாலு நாலு நிமிடமாகத் திருடியிருக்கிறேன்.

கூச்சத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"என் தப்பு மட்டும் இல்லக்கா. பூமியும்லா நகருது."

"அது நகரட்டும், நீங்க ஒங்க மடைய அடைங்க."