தாவூஸின் பச்சை விரல்

அரைத்து முடித்ததும் முதல் துளி அவர் நாக்குக்குத்தான். ஆள்காட்டி விரலை மண்சட்டிக்குள் ஒரு சுழற்று. வாயில் வைத்துக் கண்ணை மூடி, "உப்பு போதல" என்பார். எவ்வளவு போட்டிருந்தாலும் போதாது. பிறகுதான் வாங்க வந்தவர்களின் முறை. அவர்கள் நீட்டுகிற வெள்ளரித் துண்டின் மேல் அதே விரலால் ஒரு தீற்று.

வட ஈரானில், ரஷ்த் நகரக் கடைத்தெருவில் மீன்கடைகள் முடிகிற இடத்தில் இருக்கிறது தாவூஸ் கானுமின் பலகைக் கடை. கானும் என்றால் இங்கே அம்மா என்பதுபோல. வயது அறுபத்திரண்டு. விற்பது ஒன்றே ஒன்று: தலார். வயலோர வாய்க்காலில் தானே கிள்ளி வருகிற கீரைகளை உப்போடு பச்சையாக அரைத்த விழுது. நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பதினோரு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் அது இல்லாமல் வெள்ளரி தின்றதில்லை. வாய்க்காலில் மாடு இறங்குகிறதே என்று ஒருமுறை கேட்டேன். "ஓடுற தண்ணியில மூணு அலசு. அப்புறம் உப்பு. உப்புல எதுதான் உசிரோட இருக்கும், கண்ணு? உன் மாமியாரைப் போட்டாக்கூட அடங்கிடுவா" என்றார்.

மூன்று மாதமாகப் பாவாடை நாடாவை இன்னும் இன்னும் இறுக்கிக் கட்டுகிறார். பேச்சுக்கு நடுவில் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்கிறார். ரத்தப் பரிசோதனைத் தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் நீட்டினார். வெள்ளணுக்களில் ஒரு வகை, நூற்றுக்கு நாலைந்து இருக்க வேண்டியது, ஐம்பத்தெட்டு இருந்தது. ரத்தப் புற்றாக இருக்கலாம், சனிக்கிழமை வாருங்கள், இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் அதைப் பார்த்த தெஹ்ரான் மருத்துவர்.

"உங்க ரத்தம் பச்சையா இருந்திருக்கும் அக்கா, தெஹ்ரான்காரன் மிரண்டுட்டான்" என்று பக்கத்து மீன்காரர் யதொல்லா சிரித்தார். சிரித்துவிட்டு, கேட்காமலே இரண்டு மீனைப் பொதிந்து அக்காவின் கூடையில் வைத்தார்.

மனம் கேட்காமல் நேற்று உள்ளூரிலேயே டாக்டர் தெய்லமியிடம் அழைத்துப் போனேன். சின்னப் பெண். தாளைப் பார்த்ததும் முதலில் சாப்பாட்டைத்தான் கேட்டார்.

"கானும், தண்ணியோரக் கீரையைப் பச்சையாச் சாப்பிடுவீங்களா? அதுல ஒட்டிக்கிட்டு வர்ற புழு ஈரல்ல குடியேறினா ரத்தம் இப்படித்தான் புற்று மாதிரி வேஷம் போடும். உப்பு அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா புழுவா இருந்தா மாத்திரையிலயே போயிடும்."

"நானா? இந்தப் பல்லை வெச்சுக்கிட்டா? எல்லாம் வேகவெச்சுத்தான் தின்னுவேன்" என்றார் தாவூஸ் கானும். பச்சை ஏறிய நகங்களை முக்காட்டு முனைக்குள் இழுத்துக்கொண்டார். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

டாக்சியில் ஏறியதும் கேட்டேன், ஏன் பொய் சொன்னீர்கள் என்று.

"சனிக்கிழமை அந்த ஊசியைக் குத்தட்டும். புற்றுன்னா என் தலையெழுத்து, ஊரே வந்து அழும். புழுன்னு ஆச்சுன்னா? முப்பது வருஷமா யாரு விரலை நக்கினோம்னு ஒவ்வொருத்தியா எண்ணிப் பாப்பா."

வீட்டுக்கு வந்து, பாதி தீர்ந்த தலார் புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தேன், திரும்ப வைத்தேன். விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு விலாவைத் தடவிப் பார்த்தேன். கூச்சத்தில் சிரித்தாள். மறுபடியும் தடவினேன்.

இன்று காலை பலகையருகே நின்றிருந்தேன். தாவூஸ் கானும் அரைத்து முடித்திருந்தார், நாக்கில் வைக்கவில்லை. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் வந்து வெள்ளரித் துண்டை நீட்டினாள்.

"நாக்கு செத்துக் கிடக்கு கானும். சீக்கிரம் குடுங்க."

விரல் சட்டிக்குள் போயிற்று. பச்சையாக வெளியே வந்தது. வெள்ளரிக்கு மேலே வந்து நின்றுவிட்டது.

"இரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தச் சின்ன டாக்டரம்மாவுக்குப் போன் போடு. கிழவி பொய் சொல்லிட்டான்னு சொல்லு."

பச்சை விரலை யார்மீதும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, இடது கையால் வெறும் உப்பை அள்ளி, அந்த வெள்ளரித் துண்டின் மேல் தூவினார்.