கம்பியை எட்டாத கன்று

எங்கள் பகுதி லைன்மேனுக்கு எந்த இலை கிடைத்தாலும் போதும், கசக்கி முகர்ந்து மரத்தின் பேரைச் சொல்லிவிடுவார். தொப்பை முன்னால் வரும். சிரிப்பு அதற்கும் முன்னால் வரும். மின்வாரிய ஆபீஸில் கொடுத்த கன்றுகளை எங்கள் புதுச்சத்திரம் தெருவில் வீட்டுக்கு ஒன்றாக நட்டார்.

"கொய்யாங்க. கம்பிய எட்டாதுங்க."

இரண்டே மாதத்தில் நாவல் என்று தெரிந்துவிட்டது. பழ ஆசையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏழாம் வருஷம் கிளைகள் கம்பியைத் தொட்டன. அரிவாளோடு வருவார் என்று நடுங்கினோம். மனுவோடு வந்தார்!

"கன்னு மாறிப்போச்சுங்க. மரத்த நகத்த முடியாது, கம்பத்த நகத்தலாமுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க!"

கம்பங்கள் வீடுகளே இல்லாத எதிர்ச்சாரிக்குப் போயின. தெருவே ஊதா நாக்கோடு சிரித்தது, அவரும்தான்.

ஆனால் கன்று நட்ட அன்றும் இலையைக் கசக்கி முகர்ந்த பிறகுதானே கொய்யா என்றார்?