லீவுக்கு வாங்க என்று ஒரு போன்

காலாண்டுத் தேர்வு என்றைக்கு முடிகிறது என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்தபடியாகக் கவலைப்பட்டவர் அம்மாவைப் பெற்ற தாத்தாதான். நான் என்ன படிக்கிறேன், எவ்வளவு மார்க் வாங்குகிறேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. செப்டம்பர் பிறந்ததும் போன் வந்துவிடும். "பரிச்சை என்னைக்கு ஆத்தா முடியுது? முடிஞ்ச அன்னைக்கே பஸ் ஏறிருங்க." அவ்வளவுதான் பேச்சு. அவர் போனை வைத்ததும் அம்மா முறுக்குக்கு அரிசி ஊறப்போடுவாள்.

நாங்கள் குடியிருப்பது குளத்தூர். அம்மா பிறந்தது மீமிசலுக்குப் பக்கத்தில். ஒரே மாவட்டம்தான் என்றாலும் அது ஒரு கோடி, இது ஒரு கோடி. மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பி, புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் பஸ் மாறி, தங்கை ஒரு முறையாவது வாந்தியெடுத்து, போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் அங்கே போய் இறங்கியதும் அம்மா வேறு ஆளாகிவிடுவாள். இங்கே எங்களுக்கு முன்னால் எழுந்து எங்களுக்குப் பின்னால் படுக்கிறவள், அங்கே தம்பி பொண்டாட்டி காபி கொண்டுவந்து எழுப்பும்வரை போர்த்திக்கொண்டு கிடப்பாள். வாய்விட்டுச் சிரிப்பாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பதே எங்களுக்கு லீவு விட்டால்தான் ஞாபகம் வரும்.

நான் பதினொன்றாம் வகுப்புப் படித்த வருஷம் ஆனி மாதத்தில் தாத்தா இறந்தார். அம்மாவின் தாயார் எனக்கு விவரம் தெரியும் முன்பே போய்விட்டார். காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் ஒரே தம்பியான மாமா தலையைச் சொறிந்துகொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"வீட்டையும் வயலையும் எம் பேருக்கு மாத்தணும்க்கா. ஒன் கையெழுத்து வேணுமாம்."

"போட்டாப் போகுது. இதுக்கு ஏன்டா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றாள் அம்மா.

தனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. கூடப்பிறந்தவனிடம் பங்கு கேட்கிற பெண்ணை எங்கள் பக்கத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் வந்தது. வகுப்பில் தேர்வு அட்டவணையை எழுதிப் போட்டார்கள். பகலெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது, சாயங்காலமானால் இடி இடித்து நாலு தூறல் போட்டுவிட்டுப் போனது. கணக்குப்பதிவியலில் பற்றும் வரவும் என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் தோழி ஒருத்தி, "லீவுக்கு எங்கடி போற?" என்று கேட்டாள். "மாமா வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டேன். வழக்கமாக வாயில் வருகிற பதில் அது. சொன்ன பிறகுதான், இந்த வருஷம் இன்னும் போன் வரவில்லையே என்று உறைத்தது.

வீட்டில் அம்மாவுக்கு அது முன்பே உறைத்திருந்தது. போனை எங்கே வைத்தோம் என்று நாள்பூராவும் தேடுகிறவள், இப்போது துணி துவைக்கப் போகும்போதும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் அது நனையாமல் உட்கார்ந்திருக்கும். கேஸ் புக்கிங்குக்கு வருகிற அழைப்புக்கெல்லாம் ஈரக்கையோடு ஓடினாள். ஒரு நாள் பார்த்தால் முறுக்குக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா இது?" என்றேன்.

"தீவாளிக்கு" என்றாள்.

தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. முறுக்கு சுட்டுத் தகர டின்னில் அடைத்து அலமாரி மேல் ஏற்றினாள். தங்கை கையை நீட்டியதற்கு, உடைந்த துண்டுகளை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "நீயே போன் பண்ணி, லீவுக்கு வாரோம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"நான் சொன்னா அது கேக்குறதுடி. அவன் சொன்னாத்தான் கூப்புடுறது. அப்பா இருந்தவரைக்கும் அது எங்க அப்பா வீடு. இனிமே அது அவன் பொண்டாட்டி புள்ளைகளோட இருக்குற வீடு. கூப்புடாம போயி வாசல்ல நின்னா அவ என்ன நெனைப்பா?"

"அத்தை ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"ஒனக்குத் தெரியாது. சும்மா இரு."

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். மழைக்காலம் வருமுன் கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்டித் தள்ளுகிற வேலை என்பதால், அந்த மாதம் முழுக்கத் தலையில் இலைத் தூளோடுதான் வீடு திரும்புவார். அவருக்கும் விஷயம் தெரியும். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஒந் தம்பி வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்றார். அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அவனுக்கு வெதப்பு நேரம். ஒங்களை மாதிரி மாசச் சம்பளமா?" என்று குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தாள். தம்பியைத் தான் குறை சொல்லலாம், இன்னொருத்தர் சொல்லக் கூடாது.

கடைசியில் நானே ஒரு தந்திரம் செய்தேன். 'பரீட்சை முடியப்போகுது, லீவு வரப்போகுது' என்று எழுதி, போன வருஷம் கடற்கரையில் மாமா பிள்ளைகளோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அம்மா தெரியாத மாதிரி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவே, "அத்தை பாத்துட்டாளா?" என்றாள்.

"பாத்துட்டாங்க."

"மாமா?"

"அவரும் பாத்துட்டாரு."

இரவுவரை பார்த்தும் போன் வரவில்லை. நான் படத்தை எடுத்துவிட்டேன். அவமானமாக இருந்தது. பிச்சைப் பாத்திரத்தை நீட்டியது நான், ஆனால் நீட்டியது அம்மாவுக்காக என்பதுதான் அதிகம் வலித்தது.

தங்கைக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. ஆறாம் வகுப்பு. ஊருக்கு எப்போது போகிறோம் என்று தினமும் கேட்டாள். ஒரு நாள் பள்ளிப் பையைக் காலி செய்து, இரண்டு கவுனும் சீப்பும் வைத்து மூடிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். எனக்கு மாமாமேல் கோபம்தான், ஆனால் அன்றைக்கு அம்மாமேல் வந்த கோபம் அதைவிடப் பெரிது. ஒரு போனுக்காக ஒரு பெரிய மனுஷி இப்படியா உருகுவாள்?

கடைசிப் பரீட்சை மதியத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமா. அம்மாவின் வலது கை முழுக்கச் சோறு. இடது கையால் தட்டுத் தடுமாறி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நல்லாருக்கியாக்கா? புள்ளைகளுக்குப் பரிச்சை முடிஞ்சிருச்சா?"

"இன்னைக்குத்தான்டா முடிஞ்சுது! இப்பத்தான் வந்து சாப்புடுதுக" என்றாள் அம்மா. அந்தக் குரல் எனக்கு ஊரில் கேட்ட குரல். தங்கை தட்டை விட்டு எழுந்தே விட்டாள்.

"நல்லதாப் போச்சு. அப்ப ஒனக்கு வேலை இருக்காதுல்ல. நாளைக்குப் பத்திர ஆபீசுல டோக்கன் போட்டிருக்கேன். மொதப் பஸ்ஸப் புடிச்சு வந்துரு. ஆதார் கார்டை மறந்துராத."

அம்மா சோற்றைப் பார்த்துக்கொண்டே, "புள்ளைகளும்..." என்று இழுத்தாள்.

"அதுகள எதுக்குக்கா அலைய விட்டுக்கிட்டு? நீ மட்டும் வா. கையெழுத்தப் போட்டுட்டுச் சாயங்காலமே திரும்பிரலாம்."

"சரிடா. வாரேன்."

போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தாள். மாமா நம்மை வரச் சொல்லவில்லையா என்று தங்கை கேட்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"போகாதம்மா. மொதல்ல லீவுக்குக் கூப்பிடட்டும், அப்புறமா கையெழுத்துப் போடு."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கையெழுத்தக் காட்டி விருந்து வாங்கச் சொல்றியாடி?" என்றாள்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினாள். நல்ல சேலை, தலையில் பூ, கையில் முறுக்கு டின். அப்பா பைக்கில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டார். பகல் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. நேரில் பார்த்தால் மாமாவுக்கு மனசு வரும். வீட்டுக்குக் கூட்டிப்போவார். அத்தை விடமாட்டாள். ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க, பிள்ளைகளையும் வரச் சொல்லுங்க என்பாள். அம்மா அங்கிருந்தே போன் செய்து, தங்கையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு என்பாள். கோபப்பட்டவள்தான் நான், ஆனாலும் எங்கள் இருவர் துணியையும் எடுத்து மடித்து வைத்தேன்.

போன் வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழையில் நனைந்துகொண்டு அம்மாவே வந்தாள். கால் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். வேலை முடிந்ததா என்று அப்பா கேட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுது. போட்டோ எடுத்தாங்க, கைரேகை வச்சாங்க. தம்பி நல்லாக் கவனிச்சான். பஸ் ஏத்திவிட்டுட்டுத்தான் போனான்."

"வீட்டுல அத்தை என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அம்மா முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போகலடி. ஆட்டோ ஏறினா வீடு, பக்கந்தான். போவோம்னுதான் ரோட்டுல நின்னேன். அவன் எதிர்த்தாப்புல இருந்த ஓட்டலுக்குள்ள போயி, வாக்கா சாப்புடலாம்னு கூப்புட்டான். சரின்னு போனேன். மீன் சாப்பாடு சொன்னான். எலையப் போட்டுட்டு, பரிமாறுறவரு எங்கிட்ட, வெளியூராம்மா, மீன் கொழம்பு ஒறப்பா இருக்கும், பாத்து ஊத்திக்கங்கன்னாரு."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, வெளியூருதான்னுட்டேன். தம்பி எதுக்கதான் ஒக்காந்திருந்தான். அவன் ஒண்ணும் சொல்லல."